சான் சார் சொல்லிவிட்டுப் போனது

என் அண்ணி கையில் வளையல் போடமாட்டார். கல்யாணம், காதுகுத்து, பொங்கல், எதுவானாலும் கை மொட்டைதான். "சுமங்கலிப் பொம்பள வெறுங்கையோட சோறு போட்டா இந்த வூடு எப்டி வெளங்கும்?" என்று அம்மா வாரத்துக்கு ஒரு தரமாவது ஆரம்பிப்பார். அண்ணி சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். நான் அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் தலைபோகிற வேலை இருப்பதுபோலக் குனிந்துகொள்வேன். அம்மா திட்ட வேண்டியது அண்ணியை அல்ல, என்னை.

எங்கள் வீடு மண்ணூர்ப் பக்கம். எனக்கு ஒரகடத்தில் வேலை. ஜப்பான்காரர்கள் சொல்வதை நம் ஆட்களுக்கும், நம் ஆட்கள் சொல்வதை அவர்களுக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் இடி விழவில்லை. இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுக்கிறார்கள். அதுதான் இப்போதெல்லாம் உறுத்துகிறது.

கடல் கடந்து யாராவது பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால் ஊராட்சி ஆட்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள். எங்கள் கம்பெனிகள் வந்ததால் இந்தப் பகுதிக்கு நன்மையா, தீமையா? நான் அதைத் தமிழில் சொல்வேன். எங்கள் ஆட்கள் துண்டைச் சரிசெய்துகொண்டு, "நல்லதுதாங்க, ரோடு வந்துச்சு, பசங்களுக்கு வேல வந்துச்சு" என்பார்கள். அதை ஜப்பானிய மொழியில் சொல்வேன். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். எத்தனையோ தரம் அந்தக் கேள்வி என் வாய் வழியாகத்தான் போய் வந்திருக்கிறது. என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அண்ணியின் வெறுங்கைதான்.

கம்பெனிகளுக்காக எங்கள் நிலம் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அன்றைக்கே சொன்னார், "வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுகினோம்" என்று. சும்மா சொல்லவில்லை. ஏரிக்குப் போகிற கால்வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பெனி மதில் வந்தது. அதற்கப்புறம் ஐப்பசி மழைத் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தது. பீரோவுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறோம், இன்னும் எடுக்கவில்லை.

ஆனால் அதே அம்மாதான், அண்ணி கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு முதல் நாள் கம்பெனி வேனில் ஏறியபோது தெருமுனை வரை போய் நின்று பார்த்தார். அண்ணி வாலாஜாபாத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர். வந்த புதிதில் அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நான் அப்போது மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்த முதல் கம்பெனியில் லைனுக்குப் பெண்களை எடுத்தார்கள். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைப் பக்கம் போகிற வழியில் இருந்த கம்பெனி. கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கட்டுகிற வேலை. ஜடை பின்னத் தெரிந்தால் போதும் என்று நான்தான் அண்ணியை இழுத்துக்கொண்டு போனேன்.

லைனில் வளையல், மோதிரம் கூடாது. தாலியை உள்ளே போட்டு ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும். சேருவதற்கு முந்தின நாள் அண்ணி குழாயடியில் உட்கார்ந்து கையில் சோப்பு தடவி, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றுகூட உடையவில்லை. உடையாமல் வந்ததே நல்ல சகுனம் என்று அம்மாவே சொன்னார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை நான் கூட இருந்து பார்த்தேன். கம்பெனி ஷெட் சத்தத்தில் பேசிப் பேசி அண்ணிக்கு அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது. வேன் ஓட்டுகிற என் அண்ணன் உலை வைக்கக் கற்றுக்கொண்டார். வீட்டில் ஏதாவது முடிவு எடுக்க வேண்டுமானால், "அவ ஷிஃப்ட் முடிச்சி வரட்டும், கேட்டுக்கலாம்" என்பார். எங்கள் குடும்பத்தில் ஒரு மருமகளின் பேச்சுக்காக ஆண்கள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. இதை எந்த வெளிநாட்டுக்காரனும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவன் வயர் கட்ட வந்தான், அவ்வளவுதான். ஆனாலும் நடந்தது.

அந்தக் கம்பெனிக்குப் பெரியவர் ஒரு ஜப்பான்காரர். அவர்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் 'சான்' என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள். எங்கள் ஆட்கள் 'சான்' என்பதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு மேல் நம் மரியாதையையும் சேர்த்து 'சான் சார்' ஆக்கிவிட்டார்கள். 'ஐயா சார்' என்று கூப்பிடுவது மாதிரி. நான் திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் அவரே தொலைபேசியில், "நான் சான் சார் பேசுகிறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தமிழ் கற்றுக்கொள்ள அவருக்கு அப்படி ஓர் ஆசை. ஒரு வார்த்தையை ஒரு தடவை சொன்னால் மறக்கமாட்டார். கேட்டுக் கேட்டு 'போறேன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் கிளம்பும்போது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி பெரியவரிடம் தினமும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார். பெரியவர் என்னிடம் வந்து புலம்பினார். "இன்னாம்மா இது? டெய்லி போறேன் போறேன்னு சொல்லிகினு போறாரு. கார்ல போற மனுசன். அபசகுனமா இல்ல? நீ எடுத்து சொல்லக் கூடாதா?"

எடுத்துச் சொன்னேன். "தமிழில் போறேன் என்று சொல்லக்கூடாது சார். போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் 'இத்தெகிமாஸ்' மாதிரி."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் ஊரில் சொல்வது அது. போய் வருகிறேன் என்று அதே அர்த்தம். "ஆனால் நாங்கள் திரும்பி வருகிற இடத்தில் மட்டும்தான் சொல்வோம். நீங்கள்?" என்று கேட்டார்.

"நாங்கள் எல்லா இடத்திலும் சொல்வோம். திரும்பி வரப் போவதில்லை என்றாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம்" என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து தினமும் ஷெட் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்பார். லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் கையில் வயரோடு திரும்பி, "போயிட்டு வாங்க சார்" என்று கோரஸாகச் சொல்வார்கள். சூப்பர்வைசர்களுக்கு அது பிடிக்காது. வேலை நிற்கிறதாம். எனக்கோ பெருமையாக இருந்தது. இரண்டு நாட்டையும் நானே சேர்த்துவைத்துவிட்ட நினைப்பு.

பிறகு ஒருநாள் எல்லா ஷிஃப்ட்டையும் கேன்டீனில் கூட்டினார்கள். வேலை வேறொரு நாட்டுக்குப் போகிறது. இங்கே ஷெட்டை மூடுகிறார்கள். முடிவெடுத்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சான் சாருக்கே அதற்கு முந்தின வாரம்தான் தெரியுமாம். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். முன் வரிசையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருந்த தண்ணீர்க் கேனைப் பார்த்துக்கொண்டே பேசினேன். 'மூடுகிறோம்' என்பதை 'நிறுத்துகிறோம்' என்று மாற்றினேன். கொஞ்சம் மெத்தென்று விழட்டும் என்று.

எல்லாம் முடிந்ததும் அவர் இடுப்பு மடியக் குனிந்து நிமிர்ந்தார். என் பக்கம் திரும்பாமல், நேரே அவர்களைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "போயிட்டு வரேன்." அப்புறம் அழுதுகொண்டே சிலர், "போயிட்டு வாங்க சார்" என்றார்கள். அந்தக் கூட்டத்தில் நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரே வாக்கியம் அதுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது அதோடு போயிருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணி கேட்டார். "பாப்பா, சார் கடைசியா சொன்னாரே, அர்த்தம் தெரிஞ்சிதான் சொன்னாரா? இல்ல கிளிப்புள்ள கணக்கா சொன்னாரா?"

நம்மைப் போலத்தான் அண்ணி, ஒரு மரியாதைக்குச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அழுது வீங்கிய முகத்தோடு கேட்கிறவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டுமே! "அவுங்க ஊர்ல அத சும்மா சொல்ல மாட்டாங்க அண்ணி. சொந்த வூட்ட வுட்டு கெளம்பும்போது சொல்றது அது. திரும்பி வர்ற எடத்துல மட்டும்தான் சொல்லுவாங்க" என்றேன்.

அண்ணி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "அப்டியா?" என்றார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது மற்றவர்கள். ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு வேன் நிற்கிற இடமெல்லாம் பரவிவிட்டது. சான் சார் வந்து மறுபடி திறப்பாராம், ட்ரான்ஸ்லேட்டரே சொன்னாங்களாம். வேறு கம்பெனிகளில் ஆள் எடுத்தார்கள். பல பெண்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள். அண்ணி மாதிரி சிலர் போகவில்லை.

அதற்குள் எனக்கு இப்போதைய வேலை கிடைத்துவிட்டது. மூடிய கம்பெனியில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்தே கிடைத்தது. காலையில் அண்ணி எனக்கு டப்பா கட்டிக் கொடுப்பார். நான் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். எங்கள் தெருவில் கம்பெனி வேலைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடக் கடன் வாங்கி மாடி கட்டியவர்களின் அறைகளெல்லாம் காலியாகக் கிடந்தன. அந்த மாடிகளின் கீழே நடந்து போய்த்தான் பஸ் ஏற வேண்டும்.

ஒருநாள் புதிதாக ஆள் எடுக்கிற ஒரு கம்பெனியின் வேன் எங்கள் தெருமுனைக்கே வந்து நின்றது. லைன் வேலைக்குப் பெண்களை வயது பார்த்துத்தான் எடுப்பார்கள். அண்ணிக்கு அப்போது இன்னும் கொஞ்சம் வயது மிச்சம் இருந்தது. அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். "புது எடத்துல சேந்துட்டா, அவர் வந்து கூப்புடும்போது மூஞ்ச எங்க வெச்சிக்கிறது? நம்மள நம்பி சொல்லிட்டு போன மனுசன்" என்றார் அண்ணி. நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது, இந்த மாதிரி போனவர்கள் வரமாட்டார்கள் என்று. என் புதிய இடத்தில் அதைப் பற்றிச் சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு நான் கதை அளந்ததை நானே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். வேன் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

அம்மா திட்டும்போதெல்லாம் சிரித்து மழுப்புகிற அண்ணி, ஒரே ஒரு தடவை என்னிடம் காரணம் சொன்னார். "போட்டுகினா கழட்ட சொல்ல ஒடஞ்சிடும் பாப்பா. மொத தபா நல்லபடியா வந்துச்சு. ஒவ்வொரு தபாவும் வருமா? நாளைக்கே கூப்ட்டா இன்னா பண்றது?" வளையல் சத்தம் கேட்டாலே எனக்கு அதிலிருந்து ஒரு மாதிரி ஆகிவிடும். எங்கள் ஆபீஸ் தாழ்வாரத்தில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் துடைத்துக்கொண்டு வரும்போது ஆளுக்கு முன்னால் வளையல் சத்தம் வரும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அண்ணன் இப்போதெல்லாம் எதற்கும் யார் வரவுக்காகவும் காத்திருப்பதில்லை. அவரே முடிவெடுத்துவிட்டு வந்து சொல்கிறார். அண்ணி சரி என்கிறார். அந்தக் குரலும் பழையபடி தொண்டைக்குள் போய்விட்டது.

போன மாதம் சான் சார் வந்தார்.

ஆமாம், சொன்னபடியே திரும்பி வந்தார். ஷெட்டை வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க. வாங்கியவர்கள் அதைச் சரக்குக் கிடங்காக வைத்துக்கொள்ளப் போகிறார்கள். மனிதர்கள் அதிகம் தேவைப்படாத இடம். மொழிபெயர்க்க என்னை அனுப்பச் சொல்லி அவர் எங்கள் கம்பெனியைக் கேட்டிருந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. வாங்குகிறவர்களையும் கூட்டிக்கொண்டு காலி ஷெட்டில் நடந்தோம். லைன் இருந்த இடத்தில் தரையில் மஞ்சள் கோடு மட்டும் இருந்தது. அவர் அந்தக் கோட்டை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாங்குகிறவர்கள் அந்தக் கோடிக்குப் போனதும் கேட்டேவிட்டேன். "அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்? திரும்பி வருகிற இடத்தில் மட்டும்தான் சொல்வோம் என்றீர்களே. உங்களை நம்பிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டிலேயே ஒருத்தர் இருக்கிறார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நான் தமிழில்தானே சொன்னேன்?" என்றார். "திரும்பி வராவிட்டாலும் இங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். அவர்கள் முறைப்படி விடைபெற வேண்டும் என்று நினைத்தேன்."

அவர் தமிழனைப் போல ஒரு மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார். தமிழச்சியான நான் அதை ஜப்பானிய மொழியில் போட்டு அர்த்தம் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரிமாறியிருக்கிறேன். என் தொழிலே இதுதான். நன்மையா தீமையா என்று வெளிநாட்டுக்காரனைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நடுவில் நின்று அவன் சொன்னதைப் பெரிதாக்கிச் சொன்ன உள்ளூர்க்காரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சாயங்காலம் கேட்டில் அதே செக்யூரிட்டி பெரியவர் நின்றிருந்தார். ஷெட்டோடு சேர்த்து அவரையும் விட்டுவைத்திருந்தார்கள். "நல்லா கீறீங்களா சார்?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய வார்த்தைக்காகப் பதிலோடு காத்திருந்தார். சான் சார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். ஷெட்டைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்து நெடுநேரம் அப்படியே இருந்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டார். ஒரு தடவை சொன்னால் மறக்காதவர்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். அண்ணன் மூலமாகச் செய்தி வந்திருந்தது. "சார் வந்தாராமே? இன்னா சொன்னாரு?"

"ஷெட்ட வித்துட்டாங்க அண்ணி."

"அது கெடக்குது. கெளம்பும்போது இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சொல்லிக்காம போயிட்டாரு."

அண்ணிக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம் என்று அவருக்குத் தெரியும். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சொன்னதை, நான் அர்த்தம் மாற்றியதை, அவர் வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருந்ததை. பேசி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். அண்ணி அழவில்லை.

"வேன் வந்து நின்னுச்சே பாப்பா, அன்னிக்காச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கோபமாகக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு நேரே குழாயடிக்குப் போனார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. "வெளக்கு வெக்கிற நேரத்துல எதுக்குடி தலைக்கு ஊத்திக்கற?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

"தலமுழுகிட்டேன் அத்த" என்றார் அண்ணி.

ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது லைனுக்கு எங்கே போனாலும் வயதைக் கேட்டதுமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும். "உங்க கம்பெனில ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

"எடுக்கறாங்க அண்ணி." நான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிற அறைக்கு வெளியே, அதே தாழ்வாரம். "அதுக்கு வயசு பாக்க மாட்டாங்க."

"கேட்டு சொல்லு" என்றார். தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்க வளையல் போட்டுக்கலாம் இல்ல?"